யாழில் அடங்காத சொல்

“ராப்பெல்லாம் சங்கீதமா? பேசுறதைத் தாளத்துக்குப் பேசினா பாட்டாயிடுமா?” கச்சேரி கேட்டுப் பழகிய பெரியவர்களும் இப்படிக் கேட்கிறார்கள், கச்சேரிப் பக்கமே போகாதவர்களும் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. ராகம் விரியவில்லை, சுரம் ஏறி இறங்கவில்லை, ஆனாலும் ஒரு குரல் நான்கு நிமிடம் நம்மைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது. பிடித்து வைத்தது எது என்று கேட்கத்தான் வேண்டும். இதற்குப் பதில் தேடி ராப் பிறந்த நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருவரைக்கும் போக வேண்டியதில்லை. காரைக்கால் கோவில்பத்தில் நின்றபடியே தேடலாம் என்பது என் எண்ணம்.

கோவில்பத்து என்று இன்று நாம் சொல்லும் இடம்தான் தேவாரம் பாடும் திருத்தெளிச்சேரி. பார்வதீஸ்வரர் எழுந்தருளியிருக்கும் ஊர். நகருக்குள் காரைக்கால் அம்மையார் கோயில். மேற்கே திருத்தருமபுரம். தெற்கே திருமலைராயன்பட்டினம். இந்த நான்கு இடங்களிலும் தமிழ்ச் சொல் தாளத்தோடும் காலத்தோடும் மல்லுக்கட்டிய கதை ஒவ்வொன்று கிடக்கிறது.

தெளிச்சேரியில் சம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் மூன்றாவது, பண் இந்தளம். ஊர்ப்பெயரையே விளியாக்கி, இறைவனை முன்னால் நிறுத்திவைத்து நேருக்கு நேர் பேசுகிற பதிகம் அது. சம்பந்தர் பதிகங்களுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதில் அயனும் மாலும் அடிமுடி தேடுவார்கள். பத்தில் சமணரோடும் பௌத்தரோடும் வாது. கடைசிப் பாட்டில் காழி ஊரையும் தன் பெயரையும் சொல்லி, ‘இதைப் பாடியவன் நான்’ என்று முத்திரை வைப்பார். ஊரைச் சொல், எதிராளியைச் சாடு, கடைசியில் உன் பெயரைப் பதி. ராப் கேட்டுப் பழகிய எந்தப் பையனுக்கும் இந்த வரிசை உடனே பிடிபடும். தேவாரத்தையும் ராப்பையும் ஒரே தட்டில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பக்தியின் இடம் வேறு. ஆனால் தன்னை முன்னிறுத்துவதும் எதிராளியை வம்புக்கிழுப்பதும் இசைக்குத் தீட்டு என்று யாராவது சொன்னால், அந்தத் தீட்டைத் தமிழ் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே கோயிலுக்குள் கொண்டுபோய்ப் பாடிவிட்டது. தெளிச்சேரியை விட்டுப் புறப்பட்டதும் அடுத்துப் போதிமங்கையில் பௌத்தர்களோடு வாதம் நடந்தது என்கிறது பெரியபுராணம். அதில் முன்னே நின்றவர், சம்பந்தர் பாட்டுகளை உடனுக்குடன் ஏட்டில் எழுதிவந்த சம்பந்த சரணாலயர்.

தேவார இசையில் இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. பண் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் கட்டளைகள் பல. எழுத்துகளின் குறில் நெடில் அளவும் சீர்களின் நடையும் சேர்ந்து கட்டளையைத் தீர்மானிக்கும். அதாவது பாட்டை வகைப்படுத்தும்போது சுரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தவில்லை. எழுத்து எத்தனை நேரம் எடுக்கிறது, எங்கே விழுகிறது என்பதும் கணக்கில் வந்தது. ராப் நின்று விளையாடுவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

இதைத் தருமபுரத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் தாய்வழி ஊர் அது. ‘உன் யாழால்தான் சம்பந்தர் பாட்டு உலகமெல்லாம் பரவுகிறது’ என்று அங்கே சொந்தக்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். பாணருக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடமே கேட்கிறார். சம்பந்தர் பாடுகிறார். பாணர் நரம்பில் தேடிப் பார்த்து, முடியாமல், யாழையே உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்த அளவுக்கு வாசியுங்கள் என்கிறார். யாழ்மூரி என்றே பண்ணுக்குப் பெயர். இன்று ஓதுவார்கள் அடாணாவில் பாடுகிறார்கள். கோயிலுக்கும் யாழ்மூரிநாதர் கோயில் என்றே பெயர்.

அந்தப் பதிகத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாட்டின் முதல் துண்டு நெடிலும் குறிலும் கலந்து, பிடியும் அன்னமும் நடப்பதுபோல மெள்ள நடக்கும். அடுத்த துண்டுக்கு வந்ததும் அப்படியே குறில்களாக உடைந்து சிதறி ஓடும். எழுத்துகள் சின்னவையாகி, எண்ணிக்கை கூடி, நாக்கு முந்திக்கொண்டு போகும். பிறகு மறுபடி நிதானம். மறுபடி ஓட்டம். யாழுக்கு எட்டாமல் போனது சுரமா, இந்த எழுத்து நடையா என்று அறிஞர்கள் வாதாடட்டும். எனக்குக் கேட்கிறது நடைதான். மெதுவாகப் பேசிக்கொண்டே வந்து, சட்டென்று இரட்டைக் காலத்தில் பாய்ந்து, மூச்சு வாங்காமல் பழைய நடைக்குத் திரும்புவதை ராப் கலைஞன் தன் பெரிய வித்தையாக வைத்திருக்கிறான். அதே வித்தையின் முன்னால் ஒரு பெரிய வாத்தியக்காரர் தோற்று நின்றதை நாம் கோயில் கட்டிக் கொண்டாடுகிறோம்.

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை. நானே இரண்டு வரி கட்டுகிறேன்.

காரைக் காலில் மாலைக் காற்று
கடலலை அடிபட மணல்வரி கலைகிற

கையால் நிதானமாக நான்கு தட்டு தட்டிக்கொண்டு சொல்லுங்கள். முதல் வரி தட்டுக்கு ஒரு தேமா. மொத்தம் எட்டு அசை. இரண்டாவது வரி தட்டுக்கு ஒரு கருவிளம். எட்டு நிரையசை, வாயில் பதினாறு அடி. தட்டு மாறவில்லை, வேகம் மாறவில்லை, ஆனால் காதில் விழும் அடி இரட்டிப்பாகிவிட்டது. ராப்பில் நிமிஷத்துக்கு 90 தட்டு என்பது சாதாரண வேகம். அந்தக் கணக்கில் நான்கு தட்டுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் விநாடி. அதற்குள் பதினாறு எழுத்து என்றால் விநாடிக்கு ஆறு. நல்ல ராப்காரர்கள் இதையும் தாண்டிப் போவார்கள், ஒரு எழுத்தும் சிந்தாமல்.

இதில் தமிழுக்கென்று ஒரு கொடுப்பினை இருக்கிறது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்துபோகிறோம். ராப் அதை மறக்க விடாது. ‘கட்டி’, ‘பக்கம்’, ‘அப்பன்’ என்று சொல்லும்போது நடுவில் நாக்கோ உதடோ மூடிக்கொள்கிறது. அரை மாத்திரை நேரம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத இடம் தாளத்துக்குப் பொன். ஒற்று விழும் இடத்தில் ஸ்னேர் அடி விழுந்தால், சொல்லும் தோலும் ஒரே கையால் அடித்ததுபோல் ஆகிவிடும். வல்லினம் மிகும் இடங்களை இலக்கண வாத்தியார் பிரம்பு வைத்துக்கொண்டு சொல்லித் தந்தார். அந்த விதியே ஒரு தாளக்கருவி என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்னும் ஆசையாகப் படித்திருப்போம்.

எதுகையைப் பாருங்கள். ஆங்கில ராப் பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒலி ஒன்றுவதை நம்பி நிற்பது. நம் பழக்கத்தில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் நம் காதுக்கு அதைவிட நெருக்கம் வரியின் தலையில் வரும் மோனையும் இரண்டாம் எழுத்து எதுகையும். தமிழில் ராப் சொல்பவனுக்கு இரண்டு பக்கமும் பிடி கிடைக்கிறது. முதல் தட்டில் எதுகை விழுந்து வரியைத் தூக்கிவிடும், நான்காம் தட்டில் இயைபு விழுந்து மூடும். இடையில் உள்ள தட்டுகளில் மோனையைத் தூவலாம். இத்தனை கொக்கிகளும் சரியாக மாட்டிய ஒரு வரியைக் கேட்டால் கேட்பவன் தலை தானாக ஆடும். ஏன் ஆடினோம் என்று அவனுக்குத் தெரியாது.

தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. குறில் பயின்று வந்தால் குறுஞ்சீர் வண்ணம், நெடில் பயின்றால் நெடுஞ்சீர் வண்ணம், இரண்டும் கலந்தால் சித்திர வண்ணம். அறுத்து அறுத்துப் போவது அகைப்பு வண்ணம். அடுக்கி எண்ணுவது எண்ணு வண்ணம். உருண்டோடுவது உருட்டு வண்ணம், அதையும் முடுக்கிவிட்டால் முடுகு வண்ணம். ராப் உலகம் ‘ஃப்ளோ’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை நம் இலக்கணம் இருபதாகப் பிரித்து ருசி பார்த்திருக்கிறது. அருணகிரிநாதர் கையில் இந்தச் சந்த வித்தை திருப்புகழாக விளைந்தது. திருப்புகழை ராகமே போடாமல், தனனதான சந்தத்தை மட்டும் பிடித்துச் சொல்லும் பெரியவர்களைக் கேட்டிருக்கிறேன். அப்போதும் அது இசையாகத்தான் இருந்தது.

கோவில்பத்தில் ஒரு உற்சவத்தின்போது சாமி புறப்பாட்டுக்கு நேரம் இருந்தது. தவில்காரர் ஒருவர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்காள் மகன், பதினைந்து பதினாறு வயசு இருக்கும், போனில் ராப் கேட்டுக்கொண்டிருந்தான். “மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்களேன்” என்று ஒரு காதுக்கு மாட்டிவிட்டான். அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடம் வந்ததும் விரல் நின்றது. “இன்னொருக்க போடு தம்பி, அந்த எடத்த.” போட்டான். “பாத்தியா, அரையிடத்துல எடுக்குறான். எடுத்துட்டு எங்கயும் தடுமாறாம அறுதியில வந்து ஒக்காந்துட்டான். வாய் சுத்தமா இருக்கு. சொல்லு உருளல.” அவ்வளவுதான் சொன்னார். பையனுக்கு அரையிடம் என்றால் என்ன என்று தெரியவில்லை; தட்டிலிருந்து அரைத்தட்டு தள்ளி எடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். ராப்பைப் பற்றி இதைவிடத் தேர்ந்த விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ராகம் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. எடுப்பு எங்கே, அறுதி எங்கே, சொல் சுத்தமா என்று பார்த்தார். தவில் படிக்கிற பிள்ளைக்குக் குச்சி கையில் வருவதற்கு முன்னால் சொற்கட்டு வாயில் வர வேண்டும். தகதிமி, தகதகிட, தக தகிட என்று கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயாலேயே மணிக்கணக்கில். அந்த வாய்ப்பாடமே ஒரு கலையாகக் கொன்னக்கோல் என்று மேடையேறியது. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை அதில் பெரிய பெயர். சுரம் இல்லை, அர்த்தம்கூட இல்லை. ஆனாலும் அதைச் சங்கீதம் இல்லை என்று வித்வான் எவரும் சொல்ல மாட்டார். சொற்கட்டுக்கு அர்த்தம் கொடுத்து, அந்த அர்த்தத்துக்குள் ஒரு ஆளின் வாழ்க்கையையும் கொண்டுவந்தால் மட்டும் சங்கீதத்திலிருந்து அது விலகிப் போய்விடுமா?

அடுத்த ஆட்சேபம், பாடுபொருள். ராப் குப்பைத்தொட்டியைப் பாடுகிறது, கெட்ட வார்த்தை, ரௌடித்தனம் என்று குறை. அம்மையார் ஊரில் இருந்துகொண்டு இந்தக் குறையைச் சொல்வது கஷ்டம். மூத்த திருப்பதிகத்தின் இடம் சுடுகாடு. வற்றிய உடம்போடு பேய்கள், எரியும் பிணம், கள்ளி, நரி. ஆனித் திருவிழாவில் மாங்கனி இறைத்துக் கொண்டாடும் அதே அம்மையார்தான் இதையும் பாடினார், தன்னையும் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டார். அந்தச் சுடுகாட்டு நடுவே ஒரு பாட்டில் பழந்தமிழ்ச் சுரப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்கள். கொக்கரை, தக்கை, மத்தளம், தமருகம், மொந்தை… ஒவ்வொரு பெயரும் ஓர் அடி. ‘தக்கை’ என்னும்போது தோல் அதிர்கிறது, ‘மொந்தை’ என்னும்போது குடத்தின் வயிறு முழங்குகிறது. பட்டியல் போட்டுக்கொண்டே போய், அந்தப் பட்டியலையே தாளமாக்கிவிடுகிறார். எண்ணு வண்ணம் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ராப்பில் பட்டியல் ஒரு முக்கியமான உத்தி. பொருள்களை, தெருக்களை, முன்னோர்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். அடுக்கும்போது ஒலி ஏறிக்கொண்டே போகும்.

அந்த வகையில் ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயும் அவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் என்சாமி’யை நான் மிகவும் மதிக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறையின் துயரம் அதில் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அந்தத் தலைமுறைக்காரர். பாட்டு உலகம் முழுக்க ஆடியது. ஆடியவர்களில் எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டார்களோ தெரியாது. முதலில் மரமும் பூச்சியும் பறவையும் முன்னோரும் என்று அடுக்கு, துள்ளுகிற குறில்கள். பிறகு தோட்டம் போட்டு வளர்த்தவளுக்கே தொண்டை நனையவில்லை என்ற ஆதங்கம் வருமிடத்தில் நடை மாறிவிடுகிறது. ஒப்பாரியில் நெடிலை இழுப்பார்கள். அங்கே எழுத்து குறைந்து, இழுப்பு கூடுகிறது. துள்ளல் நடையில் ஆடிக்கொண்டிருந்த உடம்பை ஒப்பாரியின் நடைக்கு நமக்குத் தெரியாமலே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். குறிலிலிருந்து நெடிலுக்குப் போவது மட்டும்தான் அங்கே நடக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு கொண்டாட்டம் எழவு வீடாகிவிடுகிறது. நான் இதைப் பெரிய இசையறிவு என்பேன்.

காரைக்காலில் உட்கார்ந்து இந்தப் பாட்டைக் கேட்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்தே நம் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். திரும்பாதவர்கள் நிறைய. அவர்களுடைய பாட்டு என்ன ஆனது என்று யோசித்தபடிதான் நான் இதைக் கேட்கிறேன்.

அறிவு இந்த இடத்துக்கு ஒரே நாளில் வரவில்லை. பா. இரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசைத் தலைமையில் அமைந்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியபோது கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அறிவு அந்தக் குழுவில் இருந்தார். அடுத்த வருஷம் ‘தெருக்குரல்’ தொகுப்பு. எழுத்தை அவர் கையாளும் விதத்தில் சில இடங்களில் கட்டுரையின் கனம் தெரியும். அப்போதும் தட்டு தவறாது.

இவர்களுக்கெல்லாம் முன்பே மலேசியாவில் பாதை போட்டவர் யோகி பி. நட்சத்ரா குழுவோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் ‘மடை திறந்து’ வந்ததும் நம் ஊர் டீக்கடைகள் வரை அது பரவியது. 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய மூலப் பாட்டு, ஓர் இளம் இசைக்காரனின் கனவைச் சொல்வது. யோகி பி அதன் மெட்டை எடுத்துக்கொண்டார். மெட்டு வந்து வந்து போக, நடுவே பேச்சு புகுந்து விளையாடுகிறது. கனவு அதேதான், கனவு காண்கிறவன் மட்டும் மாறிவிட்டான். மலேசியத் தமிழ் நாக்கில் ஒற்றுகள் தெறிப்பாக விழுவதைக் கவனித்தால் அந்தப் பாட்டு இன்னும் ருசிக்கும். சினிமாவில் அதற்கும் முன்னால், 1994இல் ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’ வந்தது. சுரேஷ் பீட்டர்ஸின் குரலோடு தேனி குஞ்சரம்மாளின் கிராமத்துக் குரலையும் அதில் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார். புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் காது அப்போதே அவருக்கு இருந்தது.

பிறகு சினிமா ராப்பை நிறையக் கெடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சரணங்களுக்கு நடுவே இடம் காலியாக இருக்கிறது என்று எட்டு வரி ராப்பைத் திணிப்பார்கள். பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. சொல் தெளிவில்லை, எதுகை என்ற பெயரில் எதையாவது எதோடாவது ஒட்டுவது. அதைக் கேட்டு ராப்பையே ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மட்டமான கீர்த்தனையும் நாட்டில் பாடப்படுகிறது; அதை வைத்து யாரும் கர்நாடக இசையை அளப்பதில்லை. ராப்புக்கும் அந்த மரியாதையைத்தான் கேட்கிறேன். 2018இல் கென்ட்ரிக் லாமரின் தொகுப்புக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். செவ்வியல், ஜாஸ் இரண்டுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை. நல்ல செய்தி. என்றாலும் தமிழ்க் காதுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. இருபது வண்ணங்களைப் பெயர் வைத்துப் பிரித்த காது இது.

கடைசியாகத் திருமலைராயன்பட்டினத்துக்குப் போக வேண்டும். ராப்பின் இன்னொரு முகம் சவால். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, முன்கூட்டி எழுதிவைக்காமல், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கணத்தில் கட்டி அடிக்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் திருமலைராயன் சபை. அதிமதுரகவி தலைமையில் அறுபத்து நாலு தண்டிகைப் புலவர்கள். காளமேகம் உள்ளே வருகிறார். உட்கார இடம் தரவில்லை. ஆசுகவி என்று சொல்லிக்கொள்கிறாரே, எமகண்டம் பாடட்டும் என்று விடுகிறார்கள். கீழே நெருப்பு, மேலே உறியில் புலவர், கழுத்திலும் இடுப்பிலும் கத்தி. கேட்கிற தலைப்புக்குக் கேட்ட மாத்திரத்தில் வெண்பா வர வேண்டும். தடுமாறினால் உயிர் இல்லை. காளமேகம் பாடி முடித்தும் அரசன் மதிக்கவில்லை, ஊர் மண்மாரியால் அழியட்டும் என்று வசை பாடிவிட்டுப் போனார் என்பது வழிவழியாக வரும் கதை.

காளமேகத்தின் ஆயுதம் சிலேடை. ஒரே வெண்பா பாம்புக்கும் பொருந்தும், எள்ளுக்கும் பொருந்தும். கேட்பவர் முதலில் ஓர் அர்த்தத்தில் கேட்டுச் சிரிப்பார், அடுத்த நொடி இன்னொரு அர்த்தம் உறைக்கும். தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்தே ஒரு வெண்பா; சொல்லிப் பார்த்தால் நாக்கு மிருதங்கம் வாசிக்கும். ராப்காரர்கள் உயிரைக் கொடுத்துத் தேடும் ‘பஞ்ச்’ என்பது இந்த இரண்டாவது உறைப்புதான். தனிப்பாடல் திரட்டில் அதைப் படித்து வியக்கிறோம், தமிழ்ப் பாடத்தில் வைக்கிறோம். பேரன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் மட்டும் ‘என்னடா இது கத்தல்’ என்கிறோம்.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கலாம். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களின் பேரன் பேத்திகள். பாரிஸ் புறநகர்களில் வளர்கிறவர்களுக்கு ராப் தாய்ப்பாலோடு வருவது. 1991இல் முதல் தொகுப்பு வெளியிட்ட எம்.சி. சோலார், பிரெஞ்சு ராப்பில் சிலேடைக்கும் மொழி நயத்துக்கும் பேர் போனவர். அந்தப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், காளமேகத்தைத் தெரியாது. இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குக் காளமேகம் பரீட்சையில் வரும் பெயர்; சோலாரைத் தெரியாது. இரண்டு கூட்டமும் ஒரே கடற்கரையில் உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு ஒரு ஆசை. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு சாயங்காலம், தீயும் வேண்டாம் கத்தியும் வேண்டாம், ஒரு மேடை போட வேண்டும். ஒரு பக்கம் தவில், ஒரு பக்கம் மடிக்கணினியில் பீட். கோவில்பத்துப் பையனும் பாரிஸிலிருந்து வந்த பெண்ணும் எதிரெதிரே. தலைப்பைக் கூட்டம் கொடுக்க வேண்டும், நிபந்தனையையும் கூட்டமே வைக்க வேண்டும். ‘சிலேடை இருக்கணும்’, ‘வல்லினமா வரணும்’, ‘நாலாவது வரியில நெடிலே கூடாது’, ‘அரையிடத்துல எடு’. அறுதியில் சரியாக வந்து உட்கார்ந்தாரா என்று சொல்ல அந்தத் தவில்காரரை நடுவராகக் கூப்பிடலாம். யாராவது ஏற்பாடு செய்தால் சொல்லுங்கள், நாற்காலி தூக்கிப் போடும் வேலைக்கு நானும் வருகிறேன்.